காதில் அடங்காத மானிட்டர் சத்தம்

கேள்வி: எனக்கு 34 வயது. 11 ஆண்டுகளாகச் செவிலியர் பணி. கடைசி நான்கு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். மாதத்தில் பாதி நைட் டியூட்டி. வீட்டுக்கு வந்து படுத்தாலும் மானிட்டர் அலறுவதுபோலவே காதில் கேட்கிறது. ‘அந்த 2 மணி ஊசியைப் போட்டோமா, கேஸ் ஷீட்டில் எழுதினோமா’ என்று திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். முன்பெல்லாம் நோயாளி இறந்தால் அழுவேன். இப்போது எதுவுமே தோன்றுவதில்லை. நெஞ்சு கல்லாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. தியானம் செய்து பார்த்தேன், கண்ணை மூடினால் வார்டுதான் தெரிகிறது. தூக்க மாத்திரை எடுக்கலாமா? மன நிம்மதிக்கு வழி சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: முதலில் மாத்திரை விஷயம். நீங்களாக எடுக்காதீர்கள் சிஸ்டர். மருந்து அலமாரி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நம் தொழிலில் உள்ள ஆபத்து. அல்பிரசோலம் போன்றவை முதல் சில நாட்கள் நன்றாகத் தூங்க வைக்கும். சில வாரங்களில் அது இல்லாமல் கண் மூடாது என்ற நிலை வந்துவிடும். தொடர்ந்து எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஏற்கெனவே எடுக்க ஆரம்பித்திருந்தால் அதையும் மறைக்காமல் ஒரு மனநல மருத்துவரிடம் சொல்லி, படிப்படியாகக் குறையுங்கள்.

நெஞ்சு கல்லாகவில்லை. நீங்கள் சொல்வதற்குப் பணிச்சோர்வு என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி நிற்பது, ‘நான் செய்வதில் என்ன பயன்’ என்று தோன்றுவது. அழுகை வராமல் போனது இரண்டாவது வகை. தாங்க முடியாத அளவுக்குச் சுமை ஏறும்போது மனம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிற வேலை அது. அதே வகைப்பாடு இதை ஒரு நோயாக அல்ல, பணியிடம் சார்ந்த நிலையாகவே வைத்திருக்கிறது. ஆகவே, ‘எனக்கு மனோதிடம் இல்லை’ என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

தூக்கத்தைச் சரிசெய்யாமல் நிம்மதியைத் தேடிப் பயனில்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கையின் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போல மந்தமாவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே, நைட் முடிந்து கண் சொக்கும்போது நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். காலை 9 மணிக்குப் படுப்பவர் கடைசி காபியை அதிகாலை 3 மணிக்குள் முடித்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மற்ற வேலைகளில் இறங்காமல் அறையை இருட்டாக்கிப் படுங்கள். இடைவேளையில் 20 நிமிடம் கண் அயர அனுமதி இருந்தால் தயங்காமல் அயருங்கள்.

அடுத்து, அந்த 2 மணி ஊசி. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது எங்கள் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். டியூட்டி முடிய கால் மணி நேரம் இருக்கும்போது, கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டாக நடப்பார். போட்ட மருந்து, எழுதிய நேரம், ஓடுகிற டிரிப் எல்லாவற்றையும் விரல் வைத்துப் பார்ப்பார். ரிப்போர்ட் கொடுத்ததும் வாஷ் பேசினில் முழங்கைவரை நிதானமாகக் கழுவி, சீருடையில் குத்தியிருக்கும் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவார். ஒருநாள் கேட்டேன். “பத்து பெட்டையும் ஒப்படைச்சிட்டேன் டாக்டர். இனி அவங்க காலை டியூட்டிக்காரங்க பிள்ளைங்க” என்றார். பாதியில் விட்ட வேலையைத்தான் மனம் திரும்பத் திரும்ப இழுத்து வரும். அதை வார்டிலேயே முடித்துவிட்டோம் என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பினால் தூக்கத்தில் அது துரத்துவது குறையும். நீங்களும் செய்து பாருங்கள்.

தியானம் இப்போதைக்கு வேண்டாம். தூக்கம் கெட்டிருக்கும்போது கண்ணை மூடி உட்கார்ந்தால் சிலருக்குப் பயக் காட்சிகள்தான் பெருகும். கண்ணைத் திறந்தபடியே நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும்.

இறப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் இறந்த பத்தாவது நிமிடம் அடுத்த நோயாளிக்கு ஊசி போடப் போகிறோம். துக்கத்துக்கு இடமே இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனதன் பார்டெல்ஸ் என்ற செவிலியர் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். உயிர் பிரிந்ததும் சிகிச்சை செய்த எல்லோரும் அந்தக் கட்டிலைச் சுற்றிச் சற்று நேரம் மௌனமாக நிற்பது, அவ்வளவுதான். உங்கள் குழுவிலும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால், இவை எதுவும் தீர்க்காத ஒன்று இருக்கிறது. சாகப்போகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று தெரியும். இன்னும் இரண்டு பேருக்கு மருந்து நேரமாகிவிட்டது, ஆள் இல்லை. சரியானது எது என்று தெரிந்தும் செய்ய முடியாத இந்த வேதனைக்கு 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற தத்துவ அறிஞர் ‘அறம் சார்ந்த துயரம்’ என்று பெயர் கொடுத்தார். இதற்கு மருந்து ஆள்பலமும் ஒழுங்கான ரோஸ்டரும் (டியூட்டி அட்டவணை) தான். எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் இருந்தீர்கள் என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள். தனியாகப் போகாமல் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி நகரும் ஷிஃப்ட் உடம்புக்குச் சற்று எளிது. சில மாதங்கள் வேறு வார்டுக்கு மாற்றம் கேட்பதிலும் இழுக்கு ஒன்றும் இல்லை.

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். களைப்புக்கு வேறு காரணம் இருக்கலாம். எதிலும் நாட்டமில்லாமல், மனம் கனத்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வார்டு காட்சிகள் படபடப்போடும் வியர்வையோடும் வந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் நாள் கடத்தாதீர்கள். அன்றே போங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு.

அடுத்த ரோஸ்டர் போடுவதற்குள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசிவிடுங்கள். நான்கு வாரம் கழித்து, தூக்கம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.