காய்ச்சல் விட்ட பிறகும் அப்பாவைக் கவனியுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. பரிசோதனையில் கொரோனா என்று வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, இன்று ஏழாம் நாள். மணம் தெரியவில்லை, இருமல் நிற்கவில்லை. கிணற்றடிக்குப் போய்வந்தால் படுத்துவிடுகிறார், கேட்டால் "ஒண்டுமில்லை" என்கிறார். 2021இல் பக்கத்து வீட்டு மாமா நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் இறந்துபோனார். கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு வீடியோ அனுப்பி, அம்மாவின் தொய்வுக்குத் தந்த பிரெட்னிசொலோன் குளிசையை அப்பாவுக்குக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? ஸ்கான் எடுக்க வேண்டுமா?
- ஒரு மகள், துணுக்காய்

பதில்: அந்தக் குளிசையை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் தங்கச்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மணம் பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளில் திரும்பிவிடும், சிலருக்கு மாதக்கணக்காகும். இருமல் மூன்று நான்கு கிழமை இழுக்கும். இப்போதைக்கு ஸ்கான் தேவையில்லை. இந்த மூன்றையும் மனதிலிருந்து இறக்கி வையுங்கள்.

என்னை யோசிக்க வைத்தது கிணற்றடி பற்றி நீங்கள் எழுதிய வரிதான்.

கொரோனாவில் முதல் கிழமை வைரஸின் கிழமை: காய்ச்சல், தொண்டை நோ, உடம்பு உளைவு. பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்துவிடும். ஒரு சிலருக்கு மட்டும், காய்ச்சல் விட்டு வீட்டார் ஆறுதலடையும் நேரத்தில், உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அளவு மீறி நுரையீரலை வீங்கவைக்கும். அநேகமாக ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இது தொடங்கும். வயதானவர்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த வீக்கத்தில் ஒட்சிசன் இரத்தத்துக்குள் போவது குறையும். ஆனால் கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருக்கும். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைப் பெரும்பாலும் தருவது கரியமில வாயு சேர்வதுதான். அது சேராததால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. டெல்டா அலையின்போது, இரத்தத்தில் ஒட்சிசன் 80 வீதத்துக்கு இறங்கிய பிறகும் கட்டிலில் இருந்து போனில் கதைத்துக்கொண்டிருந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இதுதான் நடந்திருக்கக்கூடும். அப்படியானால் அது ஓர் இரவில் வந்ததல்ல. இரண்டு மூன்று நாளாக இறங்கிக்கொண்டிருந்திருக்கும், பார்க்க ஆள் இருந்திருக்காது. உங்கள் அப்பாவைப் பார்க்க நீங்கள் இருக்கிறீர்கள். தடுப்பூசியாலும் முன்பு வந்துபோன தொற்றாலும் இப்போது இந்த நிலைக்குப் போகிறவர்கள் அன்றைவிட மிகக் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே அப்பாவிடம் கேட்காதீர்கள், எண்ணுங்கள். அவர் சும்மா படுத்திருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், நெஞ்சு எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று முழுதாக ஒரு நிமிடம் பாருங்கள். 24ஐத் தாண்டினால் ஆஸ்பத்திரி. விரலில் மாட்டி இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று பார்க்கும் ஒக்சிமீற்றரை யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. கை குளிர்ந்திருந்தால் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள், எண் ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். பிறகு கிணற்றடிவரை ஒருதரம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். 94க்குக் கீழே போனாலோ, நடந்ததும் மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினாலோ ஆஸ்பத்திரி. இருக்கும்போதே 94க்குக் கீழே என்றால் நடக்கவிட வேண்டாம், உடனே புறப்படுங்கள். சொண்டு நீலம் பாய்ந்தாலோ, கதை தடுமாறினாலோ, எழுப்பினாலும் தூங்கிக்கொண்டே இருந்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவும் தேவையில்லை.

இனி அந்தக் குளிசை. 2020இல் பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து (அம்மாவின் பிரெட்னிசொலோனும் அதே வகைதான்) செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஒட்சிசன் ஏற்றப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் ஒரு பயனும் கிடைக்கவில்லை. உங்கள் அண்ணா பார்த்த வீடியோ முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விட்டிருக்கும். ஒட்சிசன் தேவையில்லாத, சீனி வருத்தம் உள்ளவருக்கு பிரெட்னிசொலோன் கொடுத்தால் சீனி எகிறும், கிருமியோடு போராடும் சக்தியும் குறையும். அண்ணாவுக்கு அப்பாவின் மேல் அக்கறை இருக்கிறது, சரி. அந்த அக்கறையோடு ஒக்சிமீற்றர் வாங்கக் காசு அனுப்பச் சொல்லுங்கள். பார்மசியில் கேட்டு வாங்கும் அன்ரிபயோட்டிக்கும் வைரஸுக்கு ஒன்றும் செய்யாது. கொத்தமல்லித் தண்ணி குடிக்கட்டும், கெடுதல் இல்லை. சீனிக் குளிசையை நிறுத்தாமல், தினமும் சீனியைப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. மழைக்காலத்தில் வன்னியில் டெங்கும் இருக்கிறது, வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சலும் இருக்கிறது. கொரோனா என்று வந்துவிட்டதால் மற்றவை இல்லை என்றாகாது. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று நோ, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், கண் சிவத்தல் எது வந்தாலும் இரத்தம் சோதிக்க வேண்டும். நோவுக்கு பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள், புரூபன் கூடாது.

பின்னேரம் எண்ணிக்கை சரியில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் இருட்டினால் றோட்டில் யானை நிற்கும், ஓட்டோக்காரர் வரத் தயங்குவார். வெளிச்சம் இருக்கும்போதே மல்லாவி ஆதார வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். இரவாகிவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை. அப்பாவின் குளிசைகளை ஒரு பையில் போட்டு, காய்ச்சல் தொடங்கிய திகதியையும் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அந்தத் திகதியைத்தான்.