கெதீவ் இஸ்மாயில் நினைவுக்கல்: கேட்டவர்களுக்குப் பதில்

1944 பெப்ரவரி 12ஆம் திகதி, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெதீவ் இஸ்மாயில்' என்ற துருப்புக் கப்பலை மாலைதீவுக்குப் பக்கத்தில் யப்பானிய நீர்மூழ்கி ஒன்று அடித்து மூழ்கடித்தது. கப்பலில் இருந்த 1,511 பேரில் 1,297 பேர் இறந்தார்கள். அவர்கள் வந்து இறங்க வேண்டிய ஊரில் ஒரு கல் நாட்ட வேண்டும் என்று நாங்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். ஆதரவு திரட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, கப்பல் முகவர் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னைப் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: ஐயா, இது மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹேர்மிஸ் தானே?

இல்லை. ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டுத் தாழ்த்தின, 307 பேர் இறந்தார்கள். நாங்கள் பேசுவது வேறு கப்பல், வேறு வருடம், வேறு கடல்.

வெள்ளவத்தையிலிருந்து: எதில் தொடங்குவது அண்ணா? காசு சேர்ப்பதிலா?

காசு கடைசி. முதலில் பெயர்ப் பட்டியல், அடுத்தது நிலத்துக்கான கடிதம், அதற்குப் பிறகுதான் உண்டியல். இதை மாற்றிச் செய்த கூட்டங்கள் எல்லாம் சண்டையில் முடிந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

பெயர் ஏன் முதலில் என்றால், இந்தக் கப்பலில் போனவர்களில் பெரும்பான்மையோர் 301ஆவது கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படைக்காரர்கள். எழுதுவோர் எல்லாரும் தாதிமார் கதையைத்தான் எழுதுகிறார்கள். 77 பெண்கள் ஒரே கப்பலில் இறந்தது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் ஆபிரிக்கச் சிப்பாய்கள் அந்தக் கதைகளில் ஒரு தொகையாக மட்டும் நிற்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் நைரோபி யுத்த மயானத்தில் உள்ள கிழக்காபிரிக்க நினைவகத்தில் இருக்கின்றன. பொதுநலவாய யுத்த மயான ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். பலருக்கு ஒரேயொரு பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஆகவே படை இலக்கத்தைச் சேர்த்து எழுதினால்தான் இந்த ஆள் அந்த ஆள் இல்லை என்று தெரியும்.

கல்வெட்டுகிறவர் எழுத்துக் கணக்கில்தான் கூலி கேட்பார். ஒரு பெயருக்குப் பன்னிரண்டு எழுத்து என்று வைத்தாலும் 15,564 எழுத்து வருகிறது. அது பணக்கேள்வி. பட்டியல் சரியாக இல்லாமல் விலைமனு கேட்டால் அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் இல்லை. செலவு தாங்காது, '1,297 பேர்' என்று மட்டும் போடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அப்படியென்றால் நான் வரவில்லை.

தெமட்டகொடையிலிருந்து: பணம் எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும்?

இப்போதைக்கு எந்தக் கணக்குக்கும் வேண்டாம். சங்கம் பதிவாகி, இரண்டு பேர் கையெழுத்தில் கணக்குத் திறந்த பிறகு சொல்வோம். யாராவது தன் பெயரில் உள்ள கணக்கைத் தந்து 'கப்பல் கல்லுக்கு' என்று கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாத காசு எங்கள் காசு இல்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து: காலிமுகத்திடலில் வைத்தால் எல்லாரும் பார்ப்பார்களே?

பார்ப்பார்கள். பட்டம் விடுகிறவரும் இஸ்ஸோ வடை விற்கிறவரும் சாய்ந்துகொள்ளவும் வசதியாக இருக்கும். முதலாம் உலக யுத்தத்துக்கான தூபி அங்கேதான் நின்றது. கடலிலிருந்து வரும் எதிரிக்கு அடையாளமாகிவிடும் என்று இரண்டாம் யுத்தக் காலத்தில் கழற்றி எடுத்தார்கள். இப்போது அது விகாரமகாதேவி பூங்காவில் நிற்கிறது. அதன் பக்கத்தில் கேட்பதுதான் புத்தி என்பது என் எண்ணம். மாநகர சபைக்குக் கடிதம் கொடுக்கும்போது கல்லின் நீள அகலத்தைப் போட்ட வரைபடத்தையும் வையுங்கள். வெறும் உருக்கமான கடிதம் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும்.

மருதானையிலிருந்து: தண்ணீரில் தத்தளித்தவர்கள் மேலேயே பிரித்தானியக் கப்பல் குண்டு போட்டதாமே, அதையும் கல்லில் எழுதுவீர்களா?

எழுத வேண்டும் என்பது என் பக்கம். நடந்தது இதுதான். நீருக்கடியில் பாய்ந்து வரும் டோபிடோ குண்டு இரண்டு பட்டு, கப்பல் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. கூட வந்த மற்றத் துருப்புக் கப்பல்கள் நிற்காமல் விலகி ஓடின. நின்றிருந்தால் அவையும் போயிருக்கும். காவலுக்கு வந்த பலடின், பெட்டார்ட் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களில் பலடின் படகுகளை இறக்கி ஆட்களைத் தூக்கத் தொடங்கியது. ஐ-27 என்ற அந்த நீர்மூழ்கி, மிதந்துகொண்டிருந்தவர்களுக்கு அடியில் இருந்தது. பெட்டார்ட் அங்கே நீரடிக் குண்டுகளைப் போட்டது. அந்தக் குண்டு வெடித்தால் தண்ணீரில் இருப்பவனுக்கு வெளிக்காயம் தெரியாது, நெஞ்சும் குடலும் உள்ளே கிழியும். நீர்மூழ்கி மேலே வந்தது. பலடின் மோதப் போய்த் தன் அடிப்பகுதியைக் கிழித்துக்கொண்டது. பீரங்கியால் சுட்டும் நீர்மூழ்கி தாழவில்லை. பெட்டார்ட் ஒன்றன்பின் ஒன்றாக விட்ட டோபிடோக்களில் ஏழாவதுதான் பட்டது.

கல்கிசையிலிருந்து: மருதானைக்காரருக்குச் சொல்கிறேன். பெட்டார்ட்டின் தளபதி குண்டு போடாவிட்டால் அடுத்த கப்பலில் இன்னும் ஆயிரம் பேர். கல்லில் எழுதி அவரைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம்.

மருதானையிலிருந்து: நீச்சலடித்துக்கொண்டிருந்தவனின் பிள்ளையிடம் போய் இதைச் சொல்லுங்கள்.

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அவர் செய்தது சரியா பிழையா என்று தீர்ப்பெழுத நாங்கள் நீதிமன்றம் இல்லை. 'நீர்மூழ்கியைத் தாக்கியபோது நீரில் இருந்தவர்களும் இறந்தனர்' என்று ஒரே வரி, மூன்று மொழியிலும். அதில் தளபதியின் பெயரும் வேண்டாம், 'துரதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லும் வேண்டாம். படிக்கிறவர் தானே யோசிக்கட்டும்.

கல்கிசையிலிருந்து: அந்த வரி இருந்தால் தூதரகங்கள் ஒரு சதமும் தராது.

தராவிட்டால் கல் சின்னதாகும், அவ்வளவுதான். தப்பியவர்கள் 214 பேர். அவர்கள் கண்முன்னே நடந்ததை ஒளித்து வைத்துவிட்டு அவர்களுடைய நண்பர்களின் பெயரை எப்படி வெட்டுவது?

மட்டக்குளியிலிருந்து: யாரோ வெள்ளைக்காரனின் யுத்தத்தில் செத்தவர்களுக்குக் கல். எங்கள் சனத்துக்கு ஒரு விளக்கு வைக்கவே பயந்த காலம் இருந்தது. இது தேவையா?

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. உங்கள் கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கென்யாவிலும் உகண்டாவிலும் இருந்து வந்த அந்தப் பொடியன்களிடமும் இது உங்கள் யுத்தமா என்று யாரும் கேட்கவில்லை. பெயர் சொல்லி அழ இடம் இல்லாதது என்னவென்று தெரிந்த நாங்கள் இதைச் செய்யாமல் வேறு யார் செய்வது? எங்கள் ஆட்களுக்கான கல்லையும் கேளுங்கள். அந்த மனுவிலும் கையெழுத்து வைக்கிறேன்.

வத்தளையிலிருந்து: ஹேர்மிஸ் ஆட்களின் பெயரையும் இதே கல்லில் சேர்த்தால் என்ன?

கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதைப் பாருங்கள். அவர்களுக்குக் கல் வைப்பதென்றால் மட்டக்களப்பில் வைப்பதுதான் முறை. அங்குள்ளவர்கள் கேட்டால் பட்டியல் எடுத்துத் தருகிறேன்.

தெகிவளையிலிருந்து: நான் சுழியோடி. கப்பலிலிருந்து ஏதாவது பொருள் எடுத்து வந்து கண்காட்சி வைத்தால் காசு சேருமே அண்ணா?

தொடாதீர்கள். கெதீவ் இஸ்மாயில் உங்களுக்கு எட்டாது, எட்டினாலும் அது பிரேதக்குழி. கொழும்புக்கு வெளியே கிடக்கும் பர்சியஸ், வூஸ்டர்ஷயர் இரண்டும் 1917 பெப்ரவரியில் 'வுல்ஃப்' என்ற ஜேர்மன் கப்பல் விதைத்த கண்ணிவெடியில் போனவை. நூறு வருடம் தாண்டிவிட்டதால் அவை தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். படம் எடுத்துத் தாருங்கள், அது போதும்.

கிருலப்பனையிலிருந்து: ஐயா, பணம் எங்கே அனுப்ப?

தெமட்டகொடைக்குச் சொன்ன பதில்.

நாரஹேன்பிட்டியிலிருந்து: வெளிநாட்டில் இருக்கும் மாமா இப்போதே ஒரு தொகை தரத் தயார். என் கணக்கில் போடச் சொல்லவா?

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். மாமாவை வைத்திருக்கச் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொண்டர் அமைப்பாகப் பதியும் வேலையைத் தொடங்கிவிட்டோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, ஒரு மாணவி: என்னிடம் காசு இல்லை. நான் என்ன செய்யலாம்?

பிள்ளை, இவ்வளவு நேரமும் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பெயர்களைப் படை இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் தேவை. ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் பென்சிலால் சரி போட வேண்டும். தனியாகப் பார்த்தால் கண் ஏமாற்றும், அதனால் ஒரு தோழியையும் கூட்டி வாருங்கள். 'எம்' எழுத்தில் தொடங்கும் பெயர்கள்தான் அதிகம், அதை முதலில் முடிப்போம்.