பிரேசில் மரச்செதுக்கு அச்சுப் படங்களில் தொப்பியும் கண்ணாடியுமாக வருபவர் யார்?

அவர் பெயர் லம்பியான். வடகிழக்கு பிரேசிலின் வறண்ட காட்டுப்பகுதியில் திரிந்த கொள்ளைக் கூட்டத் தலைவர். 1938 ஜூலையில் செர்ஜிப்பே மாநிலத்தில் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. கூடவே அவருடைய துணைவி மரியா பொனிட்டாவையும்.

உண்மையில் அவர் கொடூரமானவர்தான். ஆனால் பண்ணை முதலாளிகளிடமும் போலீசிடமும் அடிவாங்கிய ஜனங்களுக்கு, எதிர்த்து நின்ற ஆள் நாயகனாகிவிட்டார். நம்மூர் சந்தையில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் விற்ற மாதிரி, அங்கே 'கார்டெல்' என்ற மலிவான பாட்டுப் புத்தகங்கள் விற்றன. கயிற்றில் தொங்கவிட்டு விற்றதால் அந்தப் பெயர் என்பார்கள். செத்த லம்பியான் நரகத்துக்குப் போய்ப் பேய்களோடு அடிதடி செய்ததாகக்கூட அதில் கதை உண்டு!

அட்டைப் படத்துக்கு உம்புரானா என்ற மென்மையான மரத்தில் கத்தியால் செதுக்குவார்கள். செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கருப்பு. எழுத்தை இடம் வலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும். மறந்தால் தலைப்பு கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி விழும். முகச்சாயல் யாருக்கு வேண்டும்? முன்விளிம்பு மடிந்த தொப்பி, அதில் நட்சத்திரம், வட்டக் கண்ணாடி, துப்பாக்கி. இவ்வளவு இருந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஆள் யாரென்று புரிந்துவிடும்.

படங்களைப் பார்க்க ஆசையென்றால் பெர்னம்புகோ மாநிலத்து ஜே. போர்ஜெஸ் என்ற கலைஞரிடமிருந்து தொடங்குங்கள். 2024-இல்தான் காலமானார்.