வாசகர் கேள்வி: தண்ணி குடிக்காத பையன், தூங்காத பொண்ணு, விசில் கேக்காத பசங்க

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஸ்கூல் பசங்களோட பழக்கவழக்கம், டார்கெட், டைம்டேபிள் பத்திதான். அதனால வேற கேள்வி எதுவும் எடுக்கல, வீடு வாங்கலாமா நகை வாங்கலாமான்னு கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: என் பையன் எட்டாவது படிக்கிறான். செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால உடம்ப அசைக்கிறதுல வர்ற குறைபாடு) இருக்கு, வாக்கர் பிடிச்சு நடப்பான். காலைல நான் நிரப்பிக் கொடுக்குற தண்ணி பாட்டில் சாயந்திரம் அப்படியே திரும்பி வருது. தலைவலி, மலச்சிக்கல்னு தினம் ஒரு பிரச்சனை. 'ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டில்'னு சார்ட் எழுதி ஒட்டி ஸ்டார் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன், ரெண்டு நாள் கூட தாண்டல. நல்ல பழக்கம் எப்படித்தான் கொண்டு வர்றது?
*ஒரு அம்மா, விழுப்புரம் மாவட்டம்*

பதில்: அம்மா, அந்த சார்ட்ட முதல்ல எடுத்துடுங்க. அப்புறம் பையன்கிட்ட தனியா உக்காந்து ஒரே ஒரு விஷயம் கேளுங்க, ஸ்கூல்ல பாத்ரூம் எப்படிடா போறேன்னு. பெரும்பாலும் அங்கதான் பதில் இருக்கும். படி ஏறணும், உள்ள இந்தியன் டாய்லெட், பிடிக்க ஒரு கம்பி கிடையாது, வாக்கர் கதவுக்குள்ள நுழையாது, யாராவது ஒரு பையன் கூட வந்து தூக்கி விடணும்னா எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு கூச்சமா இருக்கும்? அவன் சோம்பேறி இல்ல, ரொம்ப புத்திசாலித்தனமா கணக்கு போட்டிருக்கான், குடிச்சாத்தானே போகணும், குடிக்கவே வேண்டாம்னு. கேரளாவுல 2019லயே தண்ணி குடிக்கன்னு தனியா பெல் அடிக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் நம்ம ஊருக்கும் வந்துச்சு, நல்ல விஷயம்தான், ஆனா பெல் அடிச்சா தண்ணி உள்ள போயிடும், வெளிய போறதுக்கு வழி யார் பாக்குறது?

அதனால உங்க முதல் டார்கெட் பையனுக்கு இல்ல, ஸ்கூலுக்கு. பெரிய கட்டடம் எதுவும் கேக்க வேண்டாம். ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், ரெண்டு பக்கமும் சுவத்துல அழுத்தமா பதிச்ச ஸ்டீல் கம்பி, வாக்கர் நுழையுற அளவுக்கு கதவு, படிக்கு பதிலா சரிவு. சரிவுன்னா சும்மா சிமெண்ட்ட சாச்சு பூசிட்டு போறது இல்ல, ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் வேணும், அதுக்கு கம்மியா போட்டா அது சறுக்கு மரம்தான். இத வாயால சொல்லாதீங்க, பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல எழுதிக் கொடுத்து தீர்மானமா போடச் சொல்லுங்க. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர்தான் இருக்கணும், மொத்தக் குழுவுல பாதி பேர் பெண்கள், அப்படின்னா அது உங்க கூட்டம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கட்டடமும் வசதியும் இந்தப் பசங்களுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு தெளிவா சொல்லுது, யாராவது 'ஒரு பையனுக்காகவா'ன்னு இழுத்தா அந்தச் சட்டத்தோட பேர சொல்லுங்க.

அது நடக்குற வரைக்கும் காலைல கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர், வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு, ஸ்கூல்ல அவனே எந்த பீரியட் முடிஞ்சு பாத்ரூம் போக வசதின்னு சொல்றானோ அதுக்கு கொஞ்சம் முன்னாடி கொஞ்சம். கூட யார் வரணும்னு அவனே ஒரு பிரெண்ட தேர்ந்தெடுக்கட்டும், டீச்சர் யாரையாவது அனுப்புறது வேற, இது வேற. ஒரு விஷயம் மறக்காதீங்க, தண்ணி குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறுது இருமுறான்னா வற்புறுத்தி குடிக்க வைக்காதீங்க, செரிப்ரல் பால்சியில விழுங்குறதுலயே சிக்கல் இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டிட்டு மேல செய்ங்க.

கேள்வி: எனக்கு ஒரு கால் ஊனமான மகன், பத்தாவது. தினமும் அவன்கிட்ட மாரியப்பன் தங்கவேலு கதைய சொல்லி ஊக்கப்படுத்துறேன். இப்ப அந்தப் பேர எடுத்தாலே எரிஞ்சு விழறான். இப்படி இருந்தா லட்சியம் எப்படி வரும்?
*ஒரு அப்பா, சேலம்*

பதில்: சார், உங்க ஊர்க்காரர் பேர நீங்க பெருமையா சொல்றது புரியுது. ஆனா தினமும் சாப்பாட்டு தட்டு முன்னாடி பாராலிம்பிக் மெடல வெச்சா எந்தப் பிள்ளைக்கும் சாப்பாடு இறங்காது. ரெண்டு காலும் நல்லா இருக்கிற பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட யாராவது தினமும் நீரஜ் சோப்ரா கதைய சொல்றாங்களா? அவன் சும்மா பத்தாவது படிக்கிற பையனா இருக்கலாம், உங்க பையன் மட்டும் எல்லாருக்கும் உதாரணமா இருக்கணுமா? கோவம் அதுக்குத்தான் வருது, நியாயமான கோவம்.

அந்தக் கதையவே கொஞ்சம் உத்துப் பாருங்க. அஞ்சு வயசுல வலது கால் மேல பஸ் ஏறி நசுங்கிப் போச்சு, பெரியவடகம்பட்டியில காய்கறி வித்து அம்மா வளத்தாங்க, இது எல்லாருக்கும் தெரியும். ஆனா நடுவுல ஒரு பி.டி. வாத்தியார் வர்றாரு. அந்தப் பையன் முதல்ல ஆடினது வாலிபால், அவன்கிட்ட இருந்த தாவுற திறமைய பாத்து உயரம் தாண்ட விட்டது அந்த வாத்தியார்தான். 'உனக்கெதுக்குடா வெயில்ல'ன்னு அவரு உக்கார வெச்சிருந்தா 2016ல ரியோவுல 1.89 மீட்டர் தங்கம் ஏது, டோக்கியோ வெள்ளி ஏது, பாரிஸ் வெண்கலம் ஏது? அதனால இந்தக் கதைய சொல்ல வேண்டியது உங்க பையன்கிட்ட இல்ல, அவன் ஸ்கூல் பி.டி. சார்கிட்ட. நிறைய ஸ்கூல்ல இந்தப் பசங்களுக்கு விளையாட்டு பீரியட்ல கொடுக்குற வேலை மத்தவங்க செருப்பையும் பையையும் பாத்துக்குறதுதான். உங்க பையனும் அப்படித்தான் உக்காந்திருக்கானான்னு முதல்ல விசாரிங்க.

லட்சியம்? அவனுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருங்க. சைக்கிள் கத்துக்கணும்னு சொல்லலாம், மாடியில இருக்கிற லேபுக்கு தானே ஏறிப் போகணும்னு சொல்லலாம், ஒண்ணும் வேணாம் போங்கன்னும் சொல்லலாம். மூணாவது பதில் வந்தா ஒரு மாசம் கழிச்சு திரும்ப கேளுங்க, அதுக்குள்ள எந்தக் கதையும் வேணாம்.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில உடற்கல்வி ஆசிரியரா இருக்கேன். ஒரே கிளாஸ்ல காது கேக்காத ரெண்டு பேர், பார்வை ரொம்ப கம்மியான ஒரு பொண்ணு, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலயே குரோமோசோம் மாற்றத்தால வர்ற வளர்ச்சிக் குறைபாடு) இருக்கிற ஒரு பையன். உக்கார வைக்க மனசு வரல, ஆட விட பயமா இருக்கு.
*ஒரு ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்*

பதில்: சார், மனசு வரலன்னு எழுதினதுக்கே ஒரு சலாம். உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல அஞ்சுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் சராசரியா தினம் 60 நிமிஷம் நல்லா உடம்பு அசையணும்னு சொல்லியிருக்காங்க, மாற்றுத்திறன் உள்ள பசங்களுக்கும் அதே 60 நிமிஷம்தான், பாதியா குறைக்கல. அவ்வளவு முடியலன்னா முடிஞ்சத செஞ்சாலும் பலன் இருக்குன்னும் சொல்லியிருக்காங்க, ஆக பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சாலும் நஷ்டம் இல்ல.

காது கேக்காதவங்களுக்கு விசில் பிரயோஜனம் இல்லன்னு உங்களுக்கே தெரியும், கையில ஒரு சிவப்புத் துணி வெச்சுக்கங்க, விசில் ஊதும்போதே துணியையும் தூக்குங்க, ஒரு வாரத்துல மொத்த கிளாஸும் துணிய பாத்தே நிக்கும். ரூல்ஸ் சொல்லும்போது சூரியன் உங்க முதுகுக்கு பின்னாடி இருக்கக் கூடாது, உங்க உதடும் முகமும் அவங்களுக்கு தெரியணும். பார்வை கம்மியான பொண்ணுக்கு சத்தம் வர்ற பந்து வேணும், பார்வையற்றோர் கிரிக்கெட்டுல உள்ள சின்னச் சின்ன இரும்பு குண்டு போட்டு சத்தம் வர்ற பிளாஸ்டிக் பந்துலதான் ஆடறாங்க. அது கிடைக்கலன்னா சாதாரண பந்த மொடமொடன்னு சத்தம் வர்ற கவர்ல சுத்திக் கட்டிக் கொடுங்க, தரையில உருட்டி ஆடுற ஆட்டத்துக்கு போதும். ஓட்டத்துக்கு பக்கத்துல ஒருத்தர், ரெண்டு பேர் கையிலயும் ஒரு சின்ன கயிறு, பாராலிம்பிக்லயே அப்படித்தான் ஓடறாங்க.

டவுன் சிண்ட்ரோம் பையன் விஷயத்துல மட்டும் உங்க பயம் கொஞ்சம் சரி. அவங்கள்ல சில பேருக்கு கழுத்து எலும்பு இணைப்பு தளர்வா இருக்கும், அதனால டாக்டர் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் குட்டிக்கரணம், தலைகீழ நிக்கிறது, தலையில பந்து முட்டறது வேண்டாம். நடக்கறது, ஓடறது, பந்து எறியறது, டான்ஸ் எல்லாம் தாராளமா. எடை சீக்கிரம் கூடற உடம்பு, தைராய்டு பிரச்சனையும் அவங்களுக்கு அதிகம் வரும், அதனால உக்கார வைக்கிறதுதான் அவனுக்கு உண்மையான ஆபத்து.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன், டார்கெட் நீட். சுவர் முழுக்க 650+ன்னு எழுதி வெச்சிருக்கேன். காலைல நாலு மணிக்கு எழுந்து நைட் பன்னெண்டு வரைக்கும் படிக்க டைம்டேபிள் போட்டேன், மூணு நாள்ல உடைஞ்சிடுது, உடனே ஒரு வாரம் ஒண்ணுமே படிக்கிறதில்ல. எனக்கு வில் பவர் இல்லையா?
*ஒரு மாணவி, ஈரோடு*

பதில்: கண்ணு, நாலு மணி நேரம் தூங்கி யாராலயும் முடியாது, உன் வயசுக்கு எட்டுல இருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேணும்னு தூக்க மருத்துவர்கள் சொல்றாங்க. எட்டு முடியலன்னு எழுதுவ, சரி, ஏழுக்கு கீழ போகாத, படிச்சது மண்டையில உக்கார்றதே தூங்கும்போதுதான்.

650ங்கிறது உன் கையில இல்ல, கேள்வித்தாள் கையில பாதி இருக்கு. உன் கையில இருக்கிறது இன்னிக்கு செய்யுற வேலை. அதனால சுவத்துல நம்பர எடுத்துட்டு இப்படி எழுது, 'நைட் சாப்பிட்ட தட்ட கழுவி வெச்சதும் உயிரியல் முப்பது கேள்வி போடுவேன்'. ஒரு வேலை முடிஞ்சதும் இன்னொண்ணுன்னு முன்கூட்டியே முடிச்சு போட்டு வெச்சா செய்யறது ஈஸியாகுதுன்னு பீட்டர் கோல்விட்சர்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர் பல வருஷமா சோதிச்சு காட்டியிருக்காரு. அப்புறம் 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு யூடியூப்ல சொல்றத நம்பாத. லண்டன்ல 96 பேர வெச்சு பாத்த ஒரு ஆய்வுல ஒரு பழக்கம் ஒட்டிக்க நடுத்தரமா 66 நாள் ஆச்சு, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும் போகும்னு கணக்கு வந்துச்சு. அதுலயே இன்னொரு விஷயம், நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா ஒண்ணும் கெடல. உன்ன கெடுக்குறது விட்டுப்போன அந்த ஒரு நாள் இல்ல, அதுக்கு அப்புறம் துக்கம் கொண்டாடுற ஒரு வாரம்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் ஏழு வயசு மகள் ரசம் சாதமும் ஒரே ஒரு பிராண்ட் பிஸ்கட்டும் தவிர எதையும் தொடறதில்ல. காய்கறிய அரைச்சு ரசத்துல கலந்துடலாமா?
*ஒரு அம்மா, மதுரை*

பதில்: வேண்டாம்மா. கண்டுபிடிச்சுட்டா ரசமும் போயிடும், அப்புறம் பிஸ்கட் மட்டும்தான் மிச்சம். ரசம் சாதம் அப்படியே இருக்கட்டும், பக்கத்துல இன்னொரு சின்ன தட்டுல ஒரே ஒரு துண்டு கேரட், சாப்பிடுன்னு சொல்லாதீங்க, பாக்கட்டும், தொடட்டும், தூக்கிப் போடட்டும். பத்து பதினஞ்சு தடவை ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். மாத்தணும்னா ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும், பருப்பு ரசத்துல பருப்பு கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பல்வலி, மலச்சிக்கல், ரத்தசோகை இருக்கான்னு ஒரு தடவை டாக்டர்கிட்ட பாத்துடுங்க, சில சமயம் அடம்னு நாம நினைக்கிறது வலியா இருக்கும்.

கேள்வி: டிஸ்லெக்சியா (எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுலயும் எழுதுறதுலயும் வர்ற சிரமம்) உள்ள என் மகன் பத்தாவது பொதுத்தேர்வுக்கு கூடுதல் நேரம் கேக்க வெக்கப்படறான். கேக்காம விட்டுடலாமா?
*ஒரு அப்பா, திருவாரூர்*

பதில்: விடாதீங்க. ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுறவர், ஒரு மொழிப்பாட விலக்குன்னு சலுகைகள் இருக்கு, சான்றிதழப் பொறுத்து எது கிடைக்கும்னு தலைமையாசிரியர்கிட்ட கேளுங்க. பரீட்சைக்கு பல மாசம் முன்னாடியே அவர் மூலமா விண்ணப்பம் போகணும், மார்ச்சுல போய் நின்னா முடியாது. வாங்கி வெச்சுக்கட்டும், ஹால்ல உக்காந்து கூடுதல் நேரம் தேவைப்படலன்னா மத்தவங்களோடயே எழுந்து வந்துடட்டும், யாரும் தடுக்கப் போறதில்ல.