நாலு சபைக்கு ஒரு மென்பொருள்: வாய்க்கால் பொது, நெல் அவரவருடையது

மட்டக்களப்பு மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்:

"ஐயா, எங்கள் சபையிலும் பக்கத்துச் சபைகள் மூன்றிலும் சோலைவரிக்கும் வியாபார உரிமத்துக்கும் வெவ்வேறு மென்பொருள்கள் இருக்கின்றன. பற்றுச்சீட்டில் ஒரு வரியை மாற்றுவதென்றாலும் கம்பனிக்குக் காசு கட்ட வேண்டும். நாலு சபையும் சேர்ந்து திறந்த மூல மென்பொருளாக ஒன்றைச் செய்தால் என்ன என்று கூட்டத்தில் கேட்டேன். தவிசாளர் திருப்பி மூன்று கேள்வி கேட்டார். நிரலைத் திறந்துவிட்டால் சனத்தின் விபரமும் வெளியே போகாதா? காசை யார் கட்டுவது? நாளைக்குப் பிழைத்தால் யாரைப் பிடிப்பது? எனக்குப் பதில் வரவில்லை."

மூன்றும் நியாயமான கேள்விகள்தான். திறந்த மூல மென்பொருள் என்றால் அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். முதலாவதற்குப் பதில் சுருக்கமானது. மூலநிரல் என்பது வரியைக் கணக்கிடும் முறை. எந்த வீட்டுக்கு எவ்வளவு நிலுவை என்பது தரவு. திறப்பது முறையை மட்டும்தான். தரவு உங்கள் சபையின் கணினியில், உங்கள் பூட்டுக்குள்ளேயே இருக்கும். படுவான்கரையில் வயல் செய்கிற எவருக்கும் இதை ஒரு வரியில் விளங்கப்படுத்தலாம்: வாய்க்கால் வட்டைக்கு, அதாவது முழு வயல்வெளிக்கும் பொது, நெல் அவரவருடையது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் கெட்ட பழக்கம் பலருக்கும் உண்டு. அப்படி இருந்தால் நிரலைத் திறக்கும் அன்றே அதுவும் அம்பலமாகிவிடும். பிறகு அழித்தாலும், நிரலையும் அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் நிரல் களஞ்சியத்தின் பழைய பதிவுகளில் கிடக்கும். சோதித்துப் பார்ப்பதற்கென்று உண்மையான வரியிறுப்பாளர் பட்டியலை அதற்குள் போடுவதும் அப்படித்தான். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சோதனைக்குக் கற்பனைப் பெயர்களே போதும்.

தவிசாளர் "இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டில் நடக்கும்" என்று சொன்னால் இரண்டு விசயங்களை ஞாபகப்படுத்துங்கள். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அந்த நாட்களில் காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிய, இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டாக எழுதியதுதான் சஹானா என்ற திறந்த மூல மென்பொருள். அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் அது பயன்பட்டது. மற்றது கொவிட் காலம். ஒஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று வளர்க்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருள் எங்கள் சுகாதாரத் துறையில் ஏற்கனவே புழக்கத்தில் இருந்தது. 2020 ஜனவரியில், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கண்காணிக்கும் பகுதியை இங்கேயே அதன்மேல் கட்டினார்கள். பிறகு பல நாடுகள் அதை எடுத்துத் தங்களுக்கேற்றபடி திருத்திக்கொண்டன. கொடுத்தவர்கள் நாங்கள்.

சரி, காசு. நாலு சபையும் ஒரு பொது உண்டியலில் காசு போடுவது என்று தொடங்காதீர்கள். ஒரு சபையின் நிதியை இன்னொரு சபையின் பெறுகைக்குள் (கொள்வனவுக்குள்) கொண்டுபோனால் கணக்காய்வில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதியே ஒரு வருடம் போய்விடும். அதைவிட இலகுவான வழி ஒன்று இருக்கிறது. நூலகங்களில் பாவிக்கும் கோஹா மென்பொருளின் கதையில் அதைப் பார்க்கலாம்.

நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்பது ஒரு சின்ன மாவட்டம். 1999 இல் அங்குள்ள நூலகங்களின் கணினி முறை 2000 என்ற ஆண்டைத் தாங்காது என்று தெரிந்தது. அவர்கள் வேறொரு மென்பொருளை விலைக்கு வாங்கவில்லை. உள்நாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் காசு கொடுத்துப் புதிதாக எழுதுவித்தார்கள். 2000 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. அப்புறம் அமெரிக்காவின் ஒஹாயோவில் நெல்சன்வில் என்ற ஊரின் பொது நூலகத்துக்கு அது பிடித்துப்போனது. ஆனால் நூற்பட்டியலுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் மார்க் என்ற முறை அதில் இல்லை. அந்த வசதியைச் சேர்க்கிற செலவை நெல்சன்வில் ஏற்றது, பலன் ஹொரோவெனுவாவுக்கும் கிடைத்தது. இரண்டு நூலகமும் சேர்ந்து ஒரு கணக்கில் ஒரு சதமும் போடவில்லை. இன்று இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் சிலவும் கோஹாவில்தான் ஓடுகின்றன.

நீங்களும் அப்படியே செய்யலாம். முதலாம் சபை சோலைவரிப் பகுதிக்கு விலைமனுக் கோரட்டும். இரண்டாவது சபை வியாபார உரிமத்துக்கு, மூன்றாவது கடை வாடகைக்கு, நாலாவது மயானம், மண்டபம், மைதானக் கட்டணங்களுக்கு. ஒவ்வொருவரும் தங்கள் சபைத் தீர்மானத்தோடு, தங்கள் நிதியில், தங்கள் பெறுகைக் குழுவுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். பொதுவாக இருக்க வேண்டியது ஒப்பந்தத்தின் நிபந்தனைகள். எழுதப்படும் நிரல் சபைக்குச் சொந்தம். அது பொதுக் களஞ்சியத்துக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் கட்டணத் தவணை. களஞ்சியக் கணக்கு சபைகளின் பெயரில் இருக்க வேண்டும், கம்பனிப் பொடியனின் ஜிமெயிலில் இருக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைச் சின்ன விசயம் என்று விடாதீர்கள்.

நிரலை மற்றவர்கள் எப்படிப் பாவிக்கலாம் என்று சொல்லும் மென்பொருள் உரிமத்துக்கு நான் ஏஜிபிஎல்லைச் சொல்வேன். இணையத்தில் ஓடும் மென்பொருளை ஒருவர் திருத்தித் தன் சேவையகத்தில் வைத்து மற்றவர்களுக்குச் சேவை கொடுத்தால், திருத்திய நிரலையும் அந்தப் பாவனையாளர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்கிறது அது. சபைகளின் காசில் எழுதியதைப் பூட்டிவைத்து உங்களுக்கே திருப்பி விற்க அப்போது முடியாது. கம்பனிகளைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குக் காசு கொடுங்கள், பூட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

இனி மூன்றாவது கேள்வி. யாரைப் பிடிப்பது? கூட்டு முயற்சிகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. நானும் சறுக்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இரண்டு அலுவலகங்களுக்குப் பொதுவாக ஒரு மென்பொருள் செய்ய உதவினேன். உரிமத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினோம். திருத்தங்களை யார் பார்த்துச் சேர்ப்பது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு போய் அவரவர் வசதிக்கு வெட்டிக் கொத்தினார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு இடத்தில் பிழை திருத்தினால் மற்ற இடத்தில் பொருந்தவில்லை. கடைசியில் இரண்டு கடையில் இரண்டு மென்பொருள் வாங்கிய கணக்காகிவிட்டது.

நாடுகளுக்கே இதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அரச நிறுவனங்களின் தரவுத்தளங்கள் ஒன்றோடொன்று பாதுகாப்பாகப் பேச எஸ்தோனியா 2001 இல் எக்ஸ்-ரோட் என்ற முறையைக் கொண்டுவந்தது. பின்னர் பின்லாந்தும் அதை எடுத்தது. 2017 இல் இரண்டும் சேர்ந்து, மையநிரலைப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனத்தை அமைத்தன. 2021 இல் ஐஸ்லாந்தும் அதில் சேர்ந்தது.

உங்களுக்கு நிறுவனம் வேண்டாம், ஒரு வட்டவிதானை போதும். மடையை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலை முதலில் வெட்டுவது என்று வட்டையில் ஒருவர் பொறுப்பாக நிற்கிறார் அல்லவா, அதே வேலை. எந்தத் திருத்தம் பொதுநிரலுக்குள் வரும், எது வராது என்று சொல்லும் ஒருவர், அவருக்குத் துணையாக இன்னொரு சபையிலிருந்து ஒருவர். ஒருவர் மட்டும் என்றால் இடமாற்றக் கடிதம் வரும் அன்றே எல்லாம் நின்றுவிடும். இந்த இருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் இந்த வேலைக்கென்று எழுத்தில் ஒதுக்கப்பட வேண்டும். உள்ளூராட்சி மாகாண சபைக்குரிய விடயம் என்பதால் உள்ளூராட்சி உதவி ஆணையாளரை முதல் நாளிலிருந்தே உள்ளே எடுங்கள். அவர் கையெழுத்து இருந்தால் தவிசாளர்கள் மாறினாலும் வேலை நிற்காது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ இருந்து பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்கலாம்தான். எழுதித் தருவார்கள், நன்றாகவே எழுதுவார்கள். ஆனால் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். பராமரிப்பை அவர்கள் தலையில் வைக்காதீர்கள்.

நாலு சபைக்கும் வேலை ஒன்றுதானா என்ற சந்தேகம் வரும். நாலும் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. ஆகவே எலும்புக்கூடு ஒன்றுதான். மாநகர சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் வேறு வேறு கட்டளைச் சட்டங்கள். பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதற்காக அவர்களையும் முதல் சுற்றிலேயே கூப்பிட்டால் வேலை இழுபடும். உங்களுக்குள் வேறுபடுவது வீதங்கள், பகுதிகளின் பெயர்கள், பற்றுச்சீட்டின் தலைப்பு போன்றவை. இவை எதுவும் நிரலுக்குள் போகக்கூடாது. ஒவ்வொரு சபையும் தானே நிரப்பும் அமைப்புப் பக்கத்தில்தான் (செட்டிங்ஸ்) இருக்க வேண்டும். யாராவது "எங்களுக்கு மட்டும் ஒரு சின்ன மாற்றம்" என்றால் வட்டவிதானை கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதை அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவாகப் போட முடியாதா?

அதனால் நிரல் எழுதுவதற்கு முன், நாலு சபையின் வருமானப் பரிசோதகர்களையும் சிறாப்பர்களையும் (காசாளர்களையும்) இரண்டு நாள் ஒரு மேசையில் உட்கார வையுங்கள். படிவங்கள், பதிவேடுகள், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் பரப்பிவைத்து எங்கே வேறுபடுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளுக்குச் சோறும் தேநீரும்தான் செலவு.

அதே மேசையில் இன்னொன்றும் வெளிப்படும். பழைய பட்டியல்களில் பாதி பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றாமல் புதிய மென்பொருளில் ஏற்றினால் பெயரைத் தேடி எடுக்க முடியாது. மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் மாற்றியதை ஒரு மனிதர் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதும் அப்போதுதான் தெரியவரும். இந்த வேலைக்கு நிரல் எழுதும் வேலையளவு நாட்கள் ஒதுக்குங்கள்.

கடைசியாக, மாறும் நாள். ஆண்டு வரியை ஜனவரி 31 க்கு முன் முழுதாகக் கட்டினால் 10% கழிவு என்பதால் அந்த மாதம் முழுக்க உங்கள் கருமபீடத்தில் சனம் நிற்கும். அந்த நேரத்தில் புதிய மென்பொருளைத் தொடங்காதீர்கள். காலாண்டின் முதல் மாதத்துக்கு 5% கழிவு இருப்பதால் ஏப்ரல், ஜூலை, ஒக்டோபரும் வேண்டாம். ஓகஸ்டில் ஒரு சபையில் மட்டும் தொடங்குங்கள். பழைய மென்பொருளையும் பக்கத்தில் ஓட விட்டு, இரண்டு மாதம் நாள்வரவு இரண்டிலும் ஒரே தொகையாக வந்தால் அடுத்த சபைக்குப் போகலாம்.