காகிதத்தில் அச்சிட்ட டேகில் பள்ளங்கள் எங்கே போயின?

கேள்வி: எஃப்ஆர்4 என்ற கண்ணாடி இழைச் சர்க்யூட் பலகையில், ஒரே பக்கச் செம்பில் நீள்துளைகள் வெட்டி, சிப் இல்லாத 8 பிட் ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையால் படிக்கும் அடையாள ஒட்டி) செய்தேன். 3 முதல் 6 கிகாஹெர்ட்ஸுக்குள் துளைக்கு ஒன்றாக, சிக்னல் வரைகோடு இறங்கும் 8 பள்ளங்களும் தெரிந்தன. செலவு குறையட்டும் என்று அதே வடிவத்தைக் காகிதத்தில் வெள்ளி மையால் இங்க்ஜெட்டில் அச்சிட்டேன். பாதிப் பள்ளங்களைக் காணவில்லை, மிச்சமும் இடம் மாறிவிட்டன. என்ன செய்வது?

பதில்: முதலில் ஸ்வீப்பை, அதாவது அளக்கும் அதிர்வெண் வரம்பை, 10 கிகாஹெர்ட்ஸ் வரை நீட்டிப் பாருங்கள். தொலைந்தவற்றில் சில அங்கே இருக்கும். 1.6 மி.மீ. எஃப்ஆர்4-இன் டைஎலக்ட்ரிக் மாறிலி (அது கூடினால் அலை நீளம் சுருங்கும்) சுமார் 4.4, அதனால் 3 கிகாஹெர்ட்ஸுக்கான அரை அலை நீளம், காற்றில் 50 மி.மீ. ஆக இருப்பது, உங்கள் பலகையில் 30-ஐ ஒட்டிச் சுருங்கியிருக்கும். காகிதமோ 0.1 மி.மீ. தடிமன்தான். அலைக்கு அது கிட்டத்தட்ட காற்று. துளைகளை நீட்டாமல் அப்படியே அச்சிட்டால் எல்லாப் பள்ளமும் மேலே ஏறிவிடும்.

அங்கேயும் இல்லையென்றால் மையைச் சந்தேகியுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.9 மைக்ரான் ஆழம்தான் பாய்கிறது. மையின் கடத்துதிறன் செம்பில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் அந்த ஆழம் 2 மைக்ரானாகும். இங்க்ஜெட் படலம் ஒரு மைக்ரான்கூடத் தேறாமல் போகலாம். பள்ளம் அகன்று, ஆழம் குறைந்து, இரைச்சலில் கரைந்துவிடும். ஸ்க்ரீன் பிரிண்டிங் மேல். அதைவிட மலிவு சமையலறை அலுமினியத் தாள்: 10 மைக்ரானுக்கு மேல் தடிமன், கடத்துதிறனும் செம்பில் சுமார் ஐந்தில் மூன்று பங்கு. ஸ்டிக்கர் கடை கட்டரில் வெட்டி பாலியஸ்டர் ஃபிலிமில் ஒட்டுங்கள். காகிதம் ஈரம் குடிக்கும். மழை நாளில் ஒரு பதில், வெயில் நாளில் வேறு.

மெல்லிய டேகுக்கு இன்னொரு வம்பு: எதன்மேல் ஒட்டுகிறோமோ அதற்கேற்ப அதிர்வெண் நகரும். அட்டைப் பெட்டியில் கொஞ்சம், தண்ணீர் பாட்டிலில் டேகே செத்ததுபோலத்தான். அதனால் 9-ஆவதாக ஒரு துளையை எல்லா டேகிலும் மாறாமல் வையுங்கள். அது நகர்ந்த விகிதத்தில் மற்றவற்றைத் திருத்திப் படிக்கலாம். டேக் இல்லாமல் ஒருமுறை அளந்து, கேபிளை அசைக்காமல், அதைக் கழித்துவிடுங்கள்.

பொருள்களுக்கு எண் கொடுக்க மட்டும் என்றால், 8 பிட்டில் 256 எண்களுக்கு இவ்வளவு பாடு எதற்கு, கியூஆர் கோடே போதும் என்பேன். அட்டைக்கு உள்ளே மறைத்து வைக்க வேண்டுமென்றால் மேலே போங்கள். எட்டையும் ஒரேயடியாக வெட்டாதீர்கள். 30 மி.மீ. துளை ஒன்றை மட்டும் அலுமினியத் தாளில் வெட்டி, ஒட்டப்போகும் பெட்டியின் மேலேயே வைத்து அளங்கள். பலகையில் வந்த அதிர்வெண்ணைவிட அது எத்தனை மடங்கோ, அத்தனை மடங்கு மற்ற துளைகளை நீட்டுங்கள்.