விக்கிப்பீடியாவில் தொகுத்தல் சண்டை: கேள்வி பதில்

ஆங்கில விக்கிப்பீடியாவின் அறிவியல் கட்டுரைகளில் பல வருடமாகத் தொகுத்து வருகிறேன். அங்கே நடக்கும் தகராறுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஒரு சேர்மத்தின் கொதிநிலை தவறாக இருந்தது, திருத்தினேன். ஒருவர் பழையபடி மாற்றிக்கொண்டே இருந்தார். நானும் விடவில்லை. கடைசியில் தடை எனக்கு! நான் போட்ட எண்தானே சரி?

பதில்: எண் சரியாகவே இருக்கட்டும். தடை அதற்காக வரவில்லை. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மற்றவர் தொகுப்பை மீளமைத்தால், அதாவது அவர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினால், தடை வரும். நிர்வாகி கொதிநிலையைப் பார்ப்பதில்லை. யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து நேரத்தைப் பார்த்து எண்ணுவார், அவ்வளவுதான். அப்பட்டமான விசமத் தொகுப்பை நீக்குவது இந்தக் கணக்கில் வராது. ஆனால் ஒருவர் சரி என்று நம்பித் தவறான எண் போடுவதை விசமம் என்று சொல்ல முடியாது. ‘நாளுக்கு மூன்று நம் பங்கு’ என்று அளந்து போடுகிறவர்களும் மாட்டுகிறார்கள். தடை முடிந்ததும் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில், எண்ணை எடுத்த கையேட்டின் பெயரையும் பக்க எண்ணையும் கொடுத்து எழுதுங்கள்.

கேள்வி: நான் புள்ளியியல் பேராசிரியர். என் துறையைப் பற்றி யாரோ ஒருவரிடம் நான் வாதாட வேண்டுமா?

பதில்: வேண்டும், ஐயா. ‘மான்டி ஹால்’ புதிர் கட்டுரைக்கு என்ன ஆனது என்று பாருங்கள். மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைச் சொன்னதும், காரின் இடம் தெரிந்த நடத்துநர் ஆடு நிற்கும் வேறு கதவைத் திறந்து காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்பார். மாற்றினால் வெல்லும் வாய்ப்பு 2/3. விடையில் தகராறே இல்லை! முதலில் சொன்ன கதவுக்கு 1/3, ஆகவே மீதி 2/3 என்ற எளிய விளக்கம் போதுமா, நடத்துநர் எந்தக் கதவைத் திறந்தார் என்பதையும் கணக்கில் எடுக்கும் நிபந்தனை நிகழ்தகவு வழியாகத்தான் சொல்ல வேண்டுமா என்பதில்தான் வருடக்கணக்கில் சண்டை. விவரம் தெரிந்தவர்களே மோதிக்கொண்டார்கள். 2011-இல் வழக்கு, தகராறுகளில் கடைசித் தீர்ப்புச் சொல்லும் நடுவர் குழு வரை போனது. குழு எந்த விளக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. யார் எப்படி நடந்துகொண்டார் என்று மட்டும் பார்த்தது.

கேள்வி: பேசிப் பார்த்தாயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்கு. அடுத்து?

பதில்: காதில் வாங்காமல் அதையே திரும்பச் சொல்வதையும் இடையூறு என்றே விதி சொல்கிறது. இரண்டே பேர் என்றால் மூன்றாம் நபரின் கருத்தைக் கேட்கலாம். பலர் என்றால் கருத்துக் கோரல், அதாவது மற்ற தொகுப்பாளர்களையும் கருத்துச் சொல்ல அழைப்பது. அது வழக்கமாக 30 நாள் ஓடும். அதற்கும் அடங்காவிட்டால் நிர்வாகிகளின் அறிவிப்புப் பலகை. அங்கே மூன்று பக்கப் புலம்பல் எடுபடாது. எந்தத் தொகுப்பில் என்ன செய்தார் என்று நாலைந்து இணைப்பு போதும். 0.999… (9 முடிவில்லாமல் தொடரும் எண்) கட்டுரையில் வேறு உத்தி: ‘அது 1-க்குச் சமமே இல்லை’ என்று வருபவர்களுக்கென்றே தனி வாதப் பக்கம் வைத்தார்கள். நானும் ஒரு சாயங்காலத்தை அங்கே தொலைத்தவன்தான்.

கேள்வி: நண்பர் இன்னொரு கணக்கில் வந்து என்னை ஆதரிக்கலாமா?

பதில்: அந்த நண்பர் நீங்கள்தானே? அதற்குப் பெயர் கைப்பாவைக் கணக்கு. நிஜமாகவே நண்பர் என்றாலும் ஆள் திரட்டியதாகத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: கொதிநிலை கேட்டவன்தான். பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். அவருடைய எண் குறைந்த அழுத்தத்தில் அளந்ததாம். இப்போது என்ன செய்ய?

பதில்: இரண்டையும் போடுங்கள், பக்கத்திலேயே அழுத்தத்தையும் எழுதுங்கள். அப்புறம் அவருக்கு ஒரு நன்றியும் சொல்லிவிடுங்கள்.